மூச்சு வாங்க மேலே வரும் மீன்: வீட்டுத் தொட்டியில் மாகுர் வளர்ப்பது

மாகுர் என்ற கெளுத்தி மீனை வாங்கலாம் என்று இருக்கிறேன் என யாராவது சொன்னால், தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஃபில்டர், தீனி, விளக்கு எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். மூடி சரியில்லாத தொட்டியில் இந்த மீன் தங்காது. ராத்திரி ஏறி வெளியே விழும், விழுந்த இடத்தில் சும்மாவும் கிடக்காது. முன்துடுப்பின் முள்ளைத் தரையில் ஊன்றி, உடம்பை இடமும் வலமும் நெளித்து நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் தொட்டி காலி, மீன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்று ஆகிவிடும்.

பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்தடித் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு மாகுர் இருக்கிறது. ஒரு அடியை நெருங்கிவிட்டது. சப்பையான அகலத் தலை, நான்கு ஜோடி மீசை, விலாங்கு மாதிரி நீண்ட வழுவழு உடம்பு, புகை படிந்த பழுப்பு நிறம். அழகு மீன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் அம்மா மன்னார்குடிப் பக்கம். "குழம்புல போடுற மீனுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய வீடு?" என்று ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு அதன் முன்னால்தான் நாற்காலியைப் போட்டு உட்காருவார்.

காற்று எடுப்பது எப்படி

இதன் செவுளுக்கு மேலே தனியாக ஓர் அறை உண்டு. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து கிளை கிளையாக முளைத்த ஓர் உறுப்பு, சிவப்பாக நனைத்த காலிஃபிளவர் பூ மாதிரி, அந்த அறையை நிறைத்திருக்கும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதை இந்த அறைக்குள் தள்ளி, ஆக்சிஜனை ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். செவுளும் வேலை செய்யும், இதுவும் வேலை செய்யும். கோடையில் வயல் வற்றி, குட்டை சேறாகி, மற்ற மீனெல்லாம் மிதக்கும்போது இது மட்டும் பிழைத்திருப்பது இதனால்தான்.

வீட்டில் வளர்க்கிறவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு கண்ணியும் இருக்கின்றன. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் மீன் திணறாது, அது வசதி. தண்ணீர் கெட்டுப்போனாலும் அது உடனே காட்டிக்கொடுக்காது, அதுதான் கண்ணி. கோல்ட் ஃபிஷ் என்றால் தண்ணீர் கெட்டதும் மேலே வந்து வாய் பிளக்கும், நாம் பதறுவோம். மாகுர் எப்போதும் மேலே வருகிற மீன், பதற எதுவும் இருக்காது. போதாக்குறைக்கு, சுற்றிலும் அம்மோனியா ஏறினால் தன் கழிவை யூரியாவாக மாற்றி வெளியேற்றிச் சமாளிக்கும் திறனும் இந்த இனத்துக்கு உண்டு. ஆக, "மீன் நல்லாத்தானே இருக்கு" என்று நாமும் தண்ணீர் மாற்றாமல் விட்டுவிடுவோம். சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. தோலில் வெளிறிய திட்டு, மீசை நுனி கரைவது, துடுப்பு ஓரம் அரிப்பது எல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இதற்கு நான் கண்டுகொண்ட வழி, அது மேலே வருவதை எண்ணுவது. தண்ணீர் மாற்றி இரண்டு நாள் ஆன பிறகு, தீனி போடாத நேரத்தில், காபி டம்ளரோடு பத்து நிமிடம் உட்காருங்கள். எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் பார்த்தால் உங்கள் மீனின் வழக்கம் பிடிபட்டுவிடும். பிறகு ஒருநாள் அந்த எண்ணிக்கை இரட்டிப்பானால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருக்கலாம், தின்னாமல் விட்ட இறால் எங்கேயாவது அழுகிக் கிடக்கலாம். சூடு ஏறினாலும் எண்ணிக்கை ஏறும் என்பதால், மே மாதத்துக் கணக்கை டிசம்பர் கணக்கோடு ஒப்பிடக் கூடாது. வயிறு முட்டத் தின்ற பிறகும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் செயலே தனி வேடிக்கை. ஒளிந்துகொள்ளப் போட்ட குழாய்க்குள் கிடக்கிற மீன் முதலில் மீசையை மட்டும் வெளியே நீட்டும். பிறகு தலை. ஒரே உதையில் மேலே போய், வாயை அகலத் திறந்து காற்றை எடுத்து, உடனே திரும்பித் தலைகீழாக இறங்கும். இறங்கும்போது செவுள் மூடியின் ஓரமாக இரண்டு மூன்று குமிழ் வெளியேறும். பழைய காற்று அதுதான். குமிழ் விடாமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வாங்கும்போது

கொளத்தூர் மீன் கடைகளில் மாகுரை "வாக்கிங் கேட்ஃபிஷ்" என்று கேட்டால் வெள்ளை, கருப்பு வெள்ளைத் திட்டு, பழுப்பு என்று மூன்று வகையில் காட்டுவார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்திருக்கலாம். அதை வளர்க்கவும் விற்கவும் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து தடை இருக்கிறது. தடை ஒருபக்கம் இருக்கட்டும், ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடிய மீனை எந்த ஹாலில் வைப்பது? நாட்டு மாகுர் தாராளமாகத் தின்றாலும் ஒரு வருடத்தில் முக்கால் அடிதான் வரும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதற்குள் ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

அடையாளம் காண மேலிருந்து பாருங்கள். தலையோட்டின் எலும்பு பிடரியில் முடிகிற இடம், நாட்டு மாகுரில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரே கூராக இருக்கும். ஆப்பிரிக்கனில் 'எம்' மாதிரி வளைந்து வளைந்து போகும். வளர்ந்த ஆப்பிரிக்கனின் தலைக்கு அடியில் இரண்டு கருங்கோடும் தெரியும். விரல் நீளக் குஞ்சில் இதையெல்லாம் பார்க்க முடியாது, அதனால் அரையடி மீனாகவே வாங்குங்கள். கடைக்காரர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக் காட்டினால் அடியையும் பார்த்துவிடலாம். "அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க, டார்ச் அடிச்சுப் பாத்துக்கிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாட்டு மாகுரின் கதை நேர்மாறானது. பீகாரின் மாநில மீன் அது, ஆனால் இயற்கையில் குறைந்துகொண்டே வந்து அழியும் நிலையில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் ஏறிவிட்டது. எனவே ஏரியில் பிடித்ததை வாங்காமல் பண்ணைக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். புவனேசுவரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இதற்குக் குஞ்சு பொரிப்பு முறைகளை உருவாக்கியிருக்கிறது. வீட்டிலேயே பொரிக்க வைக்கலாமா என்று ஆசைப்படாதீர்கள். ஹார்மோன் ஊசி போட்டுப் பொரிக்க வைக்கும் பண்ணையிலேயே, ஆண் மீனைப் பிதுக்கி விந்து எடுக்க முடியாமல் அதை அறுத்துத்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: வளர்க்க முடியாமல் போனால் யாரிடம் கொடுப்பது? ஏரியிலும் கூவத்திலும் விடுவது தீர்வே இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 1960-களில் அழகு மீன் வியாபாரத்துக்காகத் தாய்லாந்திலிருந்து மாகுரின் உறவான நடக்கும் கெளுத்தியைக் கொண்டுபோனார்கள். பண்ணையிலிருந்து தப்பியவை அந்த மாநிலத்தின் தென்பகுதி முழுக்கப் பரவிவிட்டன. மழைக்காலத்தில் நிலம் வழியாக ஊர்ந்து வந்து குளத்து மீன்களைத் தின்றுவிடும் என்று மீன் பண்ணைக்காரர்கள் குளத்தைச் சுற்றி வேலி போட வேண்டியிருந்தது. இன்று இந்தக் குடும்பத்து மீன் எதையும் தனி அனுமதி இல்லாமல் உயிரோடு அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. அங்கே இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம்.

தொட்டி

உயரம் முக்கியமில்லை, தரைதான் முக்கியம். மீன் திரும்பிப் படுக்க இரண்டடி அகலமாவது வேண்டும். என்னுடையது நீளம் ஐந்து, அகலம் இரண்டு, உயரம் ஒன்றரை அடி. தண்ணீரை ஒன்றேகால் அடி வரைதான் நிரப்புகிறேன், ஏறக்குறைய 350 லிட்டர் வரும். மேலே மூன்று அங்குலம் காலி. அந்த இடைவெளி காற்றுக்கு. தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடியை அழுத்தி வைத்தால் மீன் மூச்சு முட்டிச் சாகலாம். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து அரை டன்னை நெருங்கும் என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பால்கனி கூடவே கூடாது.

மூடிக்குக் கண்ணாடிப் பலகையை விட, இரும்புச் சட்டத்தில் அடித்த வலை நல்லது. வெல்டிங் பட்டறையில் சொன்னால் அளவுக்குச் செய்து தருவார்கள், துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். வலையின் கண் ஒரு விரல்கூட நுழையாத அளவு இருக்கட்டும். நான்கு மூலையிலும் கொக்கி வேண்டும். வெறுமனே பாரம் வைத்தால் போதாது, இந்த மீன் மூக்கால் முட்டி முட்டி நகர்த்தும். குழாயும் ஒயரும் போகிற ஓட்டை இருக்கிறதே, மீன் தப்புவது பெரும்பாலும் அங்கேதான். அதில் ஸ்பாஞ்சை இறுக்கித் திணித்துவிடுங்கள். மழை பிடிக்கும் நாளில் இரண்டு தடவை பாருங்கள். இயற்கையில் இது இடம் மாறுவதும் முட்டையிடுவதும் மழையில்தான், வெளியே இடி இடித்தால் தொட்டிக்குள் அமைதியாக இருக்காது.

மணல் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆற்று மணல் கிடைப்பதில்லை என்று எம் சாண்ட் போடுகிறார்கள். அது பாறையை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு துகளும் கூர். நாளெல்லாம் மீசையால் தரையைத் துழாவுகிற மீனுக்கு அது உப்புத்தாள். போர் தண்ணீரை வடிகட்டும் டேங்கில் போடுவதற்கு உருண்டையான ஃபில்டர் மணல் மூட்டையாகக் கிடைக்கும், அதில் மெல்லிய ரகம் வாங்கிப் பத்துத் தடவை கழுவிப் போடுங்கள். ஒரு அங்குலம் போதும். அதுவும் வேண்டாம் என்றால் வெறும் கண்ணாடித் தரையாகவே விடலாம், சுத்தம் செய்வதும் சுலபம்.

ஒளிய இடம் கட்டாயம். நாலங்குல பிவிசி குழாயில் இரண்டடி வெட்டி, வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவிப் போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. மரக்கட்டை, பாறைக் குகை என்று அலங்காரம் செய்தாலும் மீன் இந்தக் குழாயைத்தான் தேடிப் போகும். மீனைப் பிடிக்கும்போதும் இது உதவும், அதைக் கடைசியில் சொல்கிறேன். செடி வைத்தால் மறுநாள் மிதக்கும். விளக்கு மங்கலாக இருந்தால் போதும், இது ராத்திரி மீன்.

தண்ணீரும் ஃபில்டரும்

பெரிய மீன் என்றால் பெரிய கழிவு. ஏர் பம்பில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு ஆகாது. மேலே வைக்கும் டாப் ஃபில்டரோ, வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரோ, தொட்டித் தண்ணீரை மணிக்கு நாலைந்து முறை சுற்றவிடும் அளவுக்கு வாங்குங்கள். உறிஞ்சும் வாய்க்கு வலை மூடி போடுங்கள். தண்ணீர் வந்து விழும் வேகத்தைச் சுவர் பக்கம் திருப்பிவிடுங்கள், தேங்கிய தண்ணீரில் வாழ்ந்த மீனுக்கு நீரோட்டம் பிடிக்காது.

கரண்ட் கட் பற்றி ஒரு வார்த்தை. ஏழெட்டு மணி நேரம் போனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகும். மூடிய கேனிஸ்டரில் அது சீக்கிரம் செத்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் தானாக ஓடி அந்த அழுக்கு மொத்தமும் தொட்டியில் கொட்டும். புயல் சமயத்தில் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரைத் திறந்து தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் மறுபடி ஓடவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு போடுங்கள், இல்லையென்றால் டிரம்மில் பிடித்து ஒரு ராத்திரி முழுக்கக் காற்று ஓடவிடுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் இந்த மீன் சகித்துக்கொள்ளும். ஒரே நாளில் மெட்ரோவிலிருந்து போருக்கு மாற்றாதீர்கள், அவ்வளவுதான். நம் ஊர்ச் சூட்டில் ஹீட்டர் தேவையே இல்லை. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் வைத்தால் அதற்கு வலைக்கூண்டு போடுங்கள், கண்ணாடி ஹீட்டரை வாலால் அடித்தே உடைக்கும்.

தீனி

எதைப் போட்டாலும் தின்னும். அதுதான் தொல்லை. மூழ்கும் பெல்லட் முக்கிய உணவாக இருக்கட்டும். சின்ன டப்பாவாக வாங்கி மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், பழைய பெல்லட்டில் வைட்டமின் சி போய்விடும். அந்தக் குறைபாட்டால் பண்ணைக் கெளுத்திகளுக்குத் மண்டை ஓடு வெடிக்கும் நோய் வருவதுண்டு. வாரத்தில் ஒருநாள் தோல் உரித்த இறால், ஒருநாள் மண்புழு. உரம் போட்ட தோட்டத்து மண்புழு வேண்டாம். கோழிக் குடலும் ஈரலும் மலிவு என்று போடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் அன்றைக்கே நாறும், மீனுக்கும் கொழுப்பு ஏறும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும். விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் போடுங்கள், கால் மணியில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்கள் தொட்டிப் பக்கம் வந்தாலே அது மேலே வந்து முட்டும், அதைப் பசி என்று நினைத்து இரங்காதீர்கள்.

கூட வேறு மீன் வைக்கலாமா? வாயில் நுழைகிற எதுவும் மீன் இல்லை, தீனி. வாயில் நுழையாததை ராத்திரியில் தள்ளி, உரசி, தூங்கவிடாமல் செய்யும். ஆஸ்கர், பங்காசியஸ் என்று சிலர் வைக்கிறார்கள். ஆஸ்கர் பகலில் விழித்திருப்பது, இது இரவில். ஒருவருக்கும் ஓய்வு இருக்காது. தனியாக வையுங்கள், இந்த மீனுக்குத் துணை இல்லாத குறை கிடையாது.

மருந்தும் முள்ளும்

செதில் இல்லாத மீன் என்பதால் மருந்து நேராகத் தோலில் ஏறும். வெள்ளைப்புள்ளிக்குக் கடையில் தருகிற மாலகைட் கிரீன், காப்பர் கலந்த மருந்துகளை முழு அளவில் ஊற்றினால் நோய்க்கு முன்னால் மீன் போய்விடும். பாதி அளவில் தொடங்குங்கள். சிராய்ப்பு, மீசை அரிப்பு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம், ஒரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினாலே ஆறும். மீசை திரும்ப வளரும்.

மீனை இடம் மாற்ற வலை எடுக்காதீர்கள். முன்துடுப்பு முள்ளின் ஓரம் ரம்பப் பல், வலையில் சிக்கினால் வலையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். குழாய்க்குள் மீன் போகும் வரை காத்திருங்கள். தடித்த ரப்பர் கையுறை போட்டு இரண்டு முனையையும் உள்ளங்கையால் அடைத்து, குழாயோடு தூக்கி வாளியில் சாய்த்துவிடுங்கள். வாளியில் மீன் முதுகு மூழ்குகிற அளவு தண்ணீர் போதும், மேலே காற்றுக்கு இடம் விட்டு, ஓட்டை போட்ட மூடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வீடு மாற்றும்போது வண்டியில் இப்படியே கொண்டுபோகலாம்.

முள் குத்தினால் விரல் கடுக்கும். கெளுத்தி முள்ளில் இருக்கும் நஞ்சு சூட்டில் செயலிழக்கும் என்பதால், கை பொறுக்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணிக்குக் குறையாமல் வைத்திருங்கள். வலி மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது, அதனால் மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் கடையில் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் தேளி என்ற இன்னொரு கெளுத்தியின் குத்து இதைவிடப் பல மடங்கு மோசம், அதை மாகுர் என்று நினைத்துக் கையை விட்டுவிடாதீர்கள். தேளிக்கு முதுகுத் துடுப்பு சின்னதாக ஓரிடத்தில் நிற்கும், மாகுருக்கு முதுகு நெடுக ஓடும். குத்தியது ஆழமாக இருந்தாலோ, முள் முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ வெந்நீரோடு நிற்காமல் டாக்டரிடம் போய்க் காட்டி, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.